ஐம்பதுக்கு மேலே ஒரு பந்தயம்!

"இன்னா வைத்தியரே... ஸ்கூட்டர்ல பெட்ரோல் தீந்துபோச்சா?"

நாலு வருஷத்துக்கு முன்னால், மேல்மலையனூர் டீக்கடை வாசலில் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. விடிகாலை ஐந்தரை மணி. பழைய சைக்கிள் ஒன்றின் மேல், வியர்த்து விறுவிறுத்து நான்! அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்று. கேட்டவர் சிரித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால், உள்ளுக்குள் கூச்சமாகத்தான் இருந்தது.

ஏன் இந்தக் கூச்சம்? நாற்பதைத் தாண்டியவர் சைக்கிள் ஓட்டினால் ஒன்று காசில்லாதவர், இல்லை மூளை குழம்பியவர் என்று நாம் முடிவு கட்டி வைத்திருக்கிறோம். அதிலும் அவர் 'பந்தயத்துக்குப் போறேன்' என்று சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். "பேரன் பேத்தி எடுக்கிற வயசுல இது தேவையா?" என்று வீடே திரண்டு வந்து நிற்கும்.

தேவைதான் என்பது என் கட்சி. அதைத்தான் இந்தப் பக்கங்களில் உங்களிடம் வாதாட வந்திருக்கிறேன்.

ஒரு வாத்தியார் கேட்ட கேள்வி

என்னிடம் சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்க வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். "தினமும் முக்கால் மணி நேரம் நடங்க ஐயா" என்று நான் சொல்லும்போதெல்லாம் தலையாட்டுவார். ஒருநாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க நடக்கறீங்களா?" என்று கேட்டார்.

பதில் சொல்ல முடியவில்லை. காலை ஏழு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை நாற்காலி. நடுவில் வீட்டுக்குப் போய்வர ஸ்கூட்டர். அமாவாசை என்றால் அங்காளம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வயிற்றுக்கோளாறு, கால்வலி, தலைசுற்றல். அன்றைக்குச் சாப்பாடே நின்றபடிதான்.

அடுத்த மாதமே இன்னொரு அடி. சென்னையிலிருந்து வந்த உறவுக்காரர்களை செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். ராஜகிரி மலை சுமார் எண்ணூறு அடி. சின்ன வயதில் ஒரே மூச்சில் ஏறிய மலை. அன்று பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு படபடக்கிறது, கால் நடுங்குகிறது. தலையில் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஒரு பாட்டி என்னைக் கடந்து மேலே போனார். "குந்தி வா சாமி, அவசரமில்ல" என்று ஆறுதல் வேறு!

மறுநாளே ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1. 5.7 வந்தால் எச்சரிக்கை, ஆறரை வந்தால் சர்க்கரை நோய். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். ரத்த அழுத்தமும் கொஞ்சம் கூடுதல். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற வைத்தியன், அடுத்த நோயாளி தானே என்று தெரிந்துகொண்ட நாள் அது.

அப்பாவின் சைக்கிள்

வீட்டுக் கொட்டகையில் அப்பாவின் சைக்கிள் இருந்தது. அவரும் வைத்தியர்தான், கல்லூரி போகாதவர். கேரியரில் மருந்துப் பையைக் கட்டிக்கொண்டு, சுற்றுப்பட்ட கிராமமெல்லாம் அந்த சைக்கிளில்தான் போவார். அறுபத்திரண்டாவது வயதில் ஒரு திருப்பத்தில் சறுக்கி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை.

நாங்கள் விடவில்லை. அம்மா அழுதாள். நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து வந்த புதிது. "இனிமே சைக்கிள் கூடாதுப்பா. உக்காந்த இடத்துல பாருங்க, அவங்க தேடிக்கிட்டு வரட்டும்" என்று சொல்லி, சைக்கிளைப் பூட்டிச் சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அருமையான சாய்வு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டேன். பாசம்!

ஆறே மாதத்தில் அப்பாவின் தொடை மெலிந்தது. ஒரு வருஷத்தில் எழுந்து நிற்கக் கைப்பிடி தேவைப்பட்டது. நாலு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். சைக்கிளைப் பிடுங்கியதால்தான் போனார் என்று நான் சொல்லவில்லை. வயது உண்டு, நோய் உண்டு, விதி என்று நீங்கள் சொல்வதும் உண்டு. ஆனால், அந்தச் சாவியை வாங்கிய கை என்னுடையது. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணமே அந்தச் சாவிதான்.

ராஜகிரியில் உட்கார்ந்த மறுவாரம், அதே சைக்கிளுக்கு டயரும் செயினும் மாற்றி வெளியே எடுத்தேன். முதல் நாள் மூன்று கிலோமீட்டர். திரும்பி வந்ததும் திண்ணையில் படுத்துவிட்டேன். மனைவி விசிறியோடு வந்தவர், "ஏங்க, உங்களுக்கே இது நல்லா இருக்கா?" என்றார். நல்லாத்தான் இருந்தது!

நூறு வயது சைக்கிள்காரர்

'இதெல்லாம் ஐம்பதோடு சரி' என்பீர்கள். சரி, பிரான்ஸ் தேசத்து ராபர்ட் மர்ஷான் கதையைக் கேளுங்கள். 1911-ல் பிறந்தவர். உயரம் ஐந்தடிதான். 'நீ சைக்கிள் பந்தயத்துக்கு லாயக்கில்லை' என்று இளமையில் திருப்பி அனுப்பப்பட்டவர். தீயணைப்பு வீரர், லாரி டிரைவர், மரம் வெட்டுபவர் என்று பல நாடுகளில் பல வேலை பார்த்துவிட்டு, அறுபத்தேழு வயதுக்கு மேல் மறுபடி சைக்கிளில் ஏறினார்.

2012-ல், நூறு வயதில், வட்டப் பாதையில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டி 24.25 கிலோமீட்டர் கடந்தார். அது உலக சாதனை. இதோடு முடியவில்லை. 2014-ல், 102 வயதில் மறுபடி ஓட்டினார். எவ்வளவு தெரியுமா? 26.927 கிலோமீட்டர்! வயது இரண்டு கூடியிருக்கிறது, தூரமும் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் கூடியிருக்கிறது.

இது எப்படி என்று வெரோனிக் பிய்யா என்ற உடலியல் பேராசிரியை ஆராய்ந்தார். மர்ஷானுக்கு வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் பயிற்சி. அதில் நூற்றுக்கு எண்பது பங்கு லேசான ஓட்டம், இருபது பங்கு மட்டும் மூச்சு வாங்கும் ஓட்டம். இரண்டு வருஷத்தில், அவர் உடம்பு பிராணவாயுவை வாங்கிச் செலவழிக்கும் உச்ச அளவு 31-லிருந்து 35-ஆக உயர்ந்திருந்தது. அதாவது 13 சதவீதம். பெடலை மிதிக்கும் உச்சபட்ச சக்தி 90 வாட்டிலிருந்து 125 வாட் ஆகியிருந்தது. 105 வயதிலும் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, 109 வயதில், 2021-ல் காலமானார்.

ஒருவரை வைத்து ஊருக்கே சட்டம் போடக் கூடாது. நூறு வயது வரை இருப்பதே அபூர்வ வரம்தான். ஆனால், ஒரு விஷயம் இதிலிருந்து நிச்சயமாகிறது. 'இந்த வயசுக்கு மேல உடம்பு தேறாது' என்று நாம் கோடு கிழிக்கிறோமே, அந்தக் கோடு உடம்பில் இல்லை, நம் வாயில்தான் இருக்கிறது.

"டாக்டர், எனக்கு மூட்டுவலி" என்கிறவர்களுக்கு இன்னொரு கதை. அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிக்காரராக இருந்தவர். 2001-ல் இடுப்பு மூட்டுகளில் தேய்மானம் என்று தெரிந்தது. ஓடுவதை விட்டார். சைக்கிளை மட்டும் பிடித்துக்கொண்டார். 2008, 2012, 2016 என்று வரிசையாக மூன்று ஒலிம்பிக்கில் தங்கம்! கடைசித் தங்கம் வாங்கியபோது, மறுநாள் அவருக்கு 43-வது பிறந்தநாள்.

நம் நாட்டில்? நாசிக் நகரத்து மருத்துவ சகோதரர்கள் ஹிதேந்திர மகாஜன், மகேந்திர மகாஜன். நாற்பது வயதையொட்டிய குடும்பஸ்தர்கள். 2015-ல் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை, சுமார் 4,800 கிலோமீட்டர் தூரத்தை, இருவரும் மாற்றி மாற்றி ஓட்டி ஒன்பது நாளுக்குள் முடித்தார்கள். ஆஸ்பத்திரி வேலையும் பார்த்துக்கொண்டு பயிற்சி எடுத்தவர்கள். 'நேரமே இல்லீங்க' என்று சொல்பவர்கள் இவர்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

சும்மா ஓட்டினால் போதாதா?

நியாயமான கேள்வி. போதும். தினமும் சும்மா ஓட்டுபவருக்குப் பந்தயமே வேண்டாம். ஆனால், தினமும் ஓட்டுபவர் எத்தனை பேர்? ஜனவரி முதல் தேதி வாங்கிய வாக்கிங் ஷூ, பொங்கலுக்குள் பரணுக்குப் போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே?

பந்தயம் என்பது ஒரு தேதி. பரீட்சை தேதி மாதிரி. 'நவம்பர் மாதம் மூன்றாவது ஞாயிறு' என்று காலண்டரில் வட்டம் போட்டுவிட்டால், மழைத் தூறலைப் பார்த்துப் படுத்துத் தூங்க மனசு வராது. கல்யாண வீட்டில் நான்காவது ஜிலேபிக்குக் கை போகாது. ராத்திரி பத்துக்கு மேல் டி.வி. ஓடாது. இதையெல்லாம் நான் ஆயிரம் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பத்துப் பேர் கடைப்பிடித்திருந்தால் அதிசயம். ஒரு தேதி, எனக்கே அத்தனையையும் செய்ய வைத்தது.

இரண்டாவது காரணம், உடம்பின் கணக்கு. உட்கார்ந்தே இருப்பவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருதயமும் நுரையீரலும் சேர்ந்து செய்யும் வேலையின் உச்சம், பத்து வருஷத்துக்குச் சுமார் பத்து சதவீதம் இறங்குகிறது. தசையும் கூடவே கரைகிறது. லேசான நடை இதைக் கொஞ்சம் தடுக்கும். வாரத்தில் ஒன்றிரண்டு தடவையாவது மூச்சு வாங்க உழைத்தால் நன்றாகவே தடுக்கும். அந்த உழைப்பைத் தனியாக நாம் யாரும் விரும்பிச் செய்வதில்லை. எதிரே ஒரு முடிவுக்கோடு இருந்தால் செய்கிறோம்.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்களும் பர்மிங்ஹாம் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, 55 முதல் 79 வயது வரை உள்ள 125 சைக்கிள்காரர்களைப் பரிசோதித்து 2018-ல் எழுதினார்கள். ஆண்கள் என்றால் நூறு கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்தில் ஓட்டக்கூடியவர்கள். அவர்களுடைய தசை பெரிதாகக் கரையவில்லை. நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி வயதானால் சுருங்கும். இவர்களிடமோ, அந்தச் சுரப்பி புதிதாக அனுப்பும் செல்கள் இளைஞர்களிடம் இருக்கும் அளவுக்கே இருந்தன. இவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள், புகை பிடிக்காதவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய சேதி இல்லை.

நான் தோற்ற கதை

'நீர் என்ன கிழித்தீர்?' என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஒரு வருஷப் பயிற்சிக்குப் பிறகு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். பிரான்சிலிருந்து வந்த முறை இது, 'பிரவே' என்பார்கள். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தவர்கள் எல்லாம் தேறியவர்கள். வழியில் சில இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும்.

காலையில் இளைஞர்கள் பறந்தார்கள். நானும் ரோஷத்தோடு அவர்கள் பின்னாலேயே பறந்தேன். தொண்ணூறு கிலோமீட்டரில் பசி எடுத்தது, 'அப்புறம் சாப்பிடலாம்' என்று விட்டேன். நூற்று நாற்பதில் கண் இருட்டியது. தொடை இரண்டும் பிடித்துக்கொண்டன. புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மினி லாரிக்காரர் சைக்கிளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டில் விட்டார். மூச்சுவாங்கலையும் பசியையும் மதிக்காதவனுக்குச் சரியான பாடம்!

பத்து மாதம் கழித்து மறுபடி போனேன். இந்தத் தடவை முதல் நூறு கிலோமீட்டர் பேசிக்கொண்டே ஓட்டும் வேகம்தான். முக்கால் மணிக்கு ஒருமுறை வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்ட மோர். 12 மணி 50 நிமிஷத்தில் முடித்தேன். அட்டையில் கடைசி முத்திரையைக் குத்திய பையன், "சூப்பர் அங்கிள்" என்றான். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

போன வருஷம், ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான இருபது கிலோமீட்டர் போட்டி ஒன்றில் மூன்றாவதாக வந்தேன். போட்டியிட்டவர்கள் ஏழு பேர்தான், மறைக்கவில்லை! ஆனாலும், பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட எதிலும் ஜெயித்ததில்லை நான். என் வாழ்க்கையின் முதல் மெடல் ஐம்பத்து நாலாவது வயதில் வந்தது. சர்க்கரைச் சராசரி இப்போது 5.6.

ஏறுவதற்கு முன்னால்...

படித்துவிட்டு நாளைக்கே பந்தயத்துக்குப் போய்விடாதீர்கள். நமது மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் மூன்றும் அளவோடு இருப்பதுதான் ஆரோக்கியம். மிஞ்சினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்பது உணவுக்கு மட்டுமல்ல, உழைப்புக்கும் பொருந்தும்.

முதலில் பரிசோதனை. நாற்பதுக்கு மேல் புதிதாகக் கடுமையான பயிற்சி தொடங்குபவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். இருதயத் தொந்தரவு இருந்தவர்கள் இருதய மருத்துவரைக் கேட்காமல் ஏறவே கூடாது. 'சித்த வைத்தியர் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்கிறாரே' என்று ஆச்சரியப்படாதீர்கள். நாடியும் பார்க்கலாம், ஈ.சி.ஜி.யும் பார்க்கலாம். ஓட்டும்போது நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம், தாறுமாறான படபடப்பு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 'வாயு' என்று வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ இல்லாமல் கிளம்ப வேண்டாம். 'சைக்கிள் ஓட்டுகிறேனே' என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அடுத்தது சீட் உயரம். முழங்கால் வலிக்குப் பாதிக் காரணம் இதுதான். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுபோய்க் குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும், அதுதான் சரி. நம்மூரில் பலரும் சீட்டைத் தாழ்த்தி, முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவந்து ஓட்டுகிறார்கள். பிறகு மூட்டைத் திட்டுகிறார்கள்! உட்காரும் இடம் மரத்துப்போனால் சீட்டின் சாய்வையும் அகலத்தையும் மாற்றிப் பாருங்கள், அப்படியே பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

லட்ச ரூபாய் சைக்கிள் வேண்டாம். பிரேக் நன்றாகப் பிடிக்கிற, உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிற எந்த சைக்கிளும் போதும். ஹெல்மெட் கட்டாயம். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம்.

முதல் மாதம் வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். பேசிக்கொண்டே ஓட்ட முடிய வேண்டும். அதுதான் உங்கள் அளவுகோல். இரண்டாம் மாதம் முக்கால் மணி. மூன்றாம் மாதத்திலிருந்து வாரத்தில் ஒரே ஒரு நாள், நடுநடுவே இரண்டு இரண்டு நிமிஷம் வேகம். மர்ஷான் கணக்கைப் பாருங்கள். எண்பது லேசு, இருபது கடினம். வருஷம் ஐயாயிரம் கிலோமீட்டர் என்றால் மலைப்பாக இருக்கும். மேல்மலையனூரிலிருந்து செஞ்சிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். போய்வர நாற்பது. வாரம் மூன்று நாள் என்றால், ஐயாயிரம் தாண்டிவிடும்!

சைக்கிளிலேயே எல்லாம் அடங்கிவிடாது. உடம்புப் பாரத்தை சீட் சுமப்பதால், எலும்புக்கு இதில் வேலை குறைவு. வாரம் இரண்டு நாள் படியேறுதல், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் இருபது தடவை எழுந்து உட்காருதல், கொஞ்சம் எடை தூக்குதல் இவையும் வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு இது இன்னும் முக்கியம்.

உணவு? கிளம்புமுன் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி அல்லது இரண்டு வாழைப்பழம். வந்தபின் முளைகட்டிய பயறு, முட்டை, உளுந்தங்களி, எது உங்கள் வீட்டு வழக்கமோ அது. பிரண்டைத் துவையலும் முடக்கற்றான் தோசையும் வாரம் ஒருமுறை உணவாகச் சேருங்கள். அவை மட்டுமே மூட்டைக் காப்பாற்றிவிடும் என்று நம்பிச் சாய்ந்துவிடாதீர்கள். வாரம் ஒரு எண்ணெய்க் குளியல், அதுவும் ஓட்டம் இல்லாத நாளில். சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்குமேல் சாலையில் இருக்க வேண்டாம்.

பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முயற்சியில், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் ஆயிரக்கணக்கான பெண்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், பிள்ளை பெற்ற தாய்மார்கள். ஊர் கேலி பேசியது. பேசட்டும் என்று ஓட்டினார்கள். கடன் வாங்கிக்கூட சைக்கிள் வாங்கினார்கள். அந்தத் தைரியத்துக்கு முன்னால் நம் வீட்டுத் தயக்கம் எம்மாத்திரம்?

என் மனைவிக்கு இப்போது நாற்பத்தெட்டு. விசிறியோடு நின்றவர், போன தை மாதம், "எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றார். விடியற்காலையில் கோயில் பின்புறச் சாலையில் கற்றுக்கொண்டார். இப்போது பத்து கிலோமீட்டர் அலுக்காமல் வருகிறார். மேட்டில் என்னை முந்தவும் செய்கிறார், அதைப் பற்றி இங்கே அதிகம் வேண்டாம்!

எனக்கு இரண்டு கோரிக்கை

முதலாவது, சாலை. பவ்ஜா சிங் பெயர் கேட்டிருப்பீர்கள். பஞ்சாபில் பிறந்து, 89 வயதில் மாரத்தான் ஓட ஆரம்பித்த மகா மனிதர். வயது அவரை வீழ்த்தவில்லை. 2025 ஜூலையில், 114 வயதில், சொந்த கிராமத்தருகே சாலையில் நடந்துபோனவரை ஒரு கார் இடித்துச் சாய்த்தது. வயதானவர் சைக்கிள் எடுத்தால் 'விழுந்துடுவீங்க' என்று பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது அவருடைய வயதைப் பார்த்து இல்லை. பின்னால் வரும் வண்டியின் வேகத்தைப் பார்த்து. சாலையை அகலப்படுத்தும்போதெல்லாம் ஓரத்தில் மூன்றடி சைக்கிளுக்கு விடுங்கள் என்று கேட்பது ஆடம்பரம் அல்ல.

இரண்டாவது, போட்டி. ஒவ்வொரு வருஷமும் அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டி நடக்கிறது. நல்ல காரியம். சாதாரண சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும், ஏழைப் பிள்ளையும் ஜெயிக்கலாம். பிரிவுகள் என்ன? 13 வயதுக்குள், 15 வயதுக்குள், 17 வயதுக்குள். இன்னும் மூன்று பிரிவு சேர்த்தால் என்ன? 40-க்கு மேல், 50-க்கு மேல், 60-க்கு மேல்! உலக அளவில் சைக்கிள் சங்கம் மூத்தவர்களுக்கு வயது வாரியாகப் போட்டிகள் வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. பேரனும் தாத்தாவும் ஒரே காலையில், ஒரே சாலையில், வேறு வேறு மெடலுக்கு ஓட்டட்டுமே! பரிசுப் பணம்கூட வேண்டாம். ஒரு தேதி கொடுங்கள், போதும்.

கடைசியாக ஒன்று. போன மாதம் ஒரு காலை, நான் நனைந்துபோய் வீட்டுக்குள் நுழைந்தேன். வெளியூரில் வேலை பார்க்கும் என் மகன் வந்திருந்தான். "அப்பா, போதும்ப்பா. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இது?" என்றான். அதே பாசம். அதே குரல். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான் பேசிய அதே வார்த்தை.

நான் கோபப்படவில்லை. "வா, சீட் உயரம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு. பின் விளக்கு மங்கலா இருக்கு, புதுசா ஒண்ணு வாங்கிப் போடு" என்றேன். அன்று சாயங்காலமே வாங்கிப் போட்டான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். ஒருநாள் அவர் சைக்கிளையோ, நடையையோ, நீச்சலையோ பற்றி ஆசையாகப் பேசுவார். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். முடிந்தால் கூடவே ஓட்டுங்கள். சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.